வலைப்பூவில் நானே கைவைக்கலாமா?

கேள்வி:



நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். 2009 ஓகஸ்ட்டில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் வலைப்பதிவர் சந்திப்பு நடந்தபோது மகள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்த கையோடு புளொக்கரில் எனக்கொரு வலைப்பூ திறந்து தந்தாள். ஜம்பட்டா வீதி, புனித லூசியாள் பேராலய மணி, கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் என்று எனக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனையை அதில் எழுதி வருகிறேன். 1983 இனக்கலவரத்தில் வீட்டோடு படங்களும் போய்விட்டதால் எங்களிடம் மிஞ்சியது ஞாபகமும் இந்த எழுத்தும்தான்.

மகள் இப்போது கனடாவில். அண்மையில் அண்ணன் மகன் வந்து, "மாமி, உங்கட வலைப்பூ பழசாப் போச்சு" என்று இணையத்திலிருந்து ஓர் இலவச வார்ப்புருவை இறக்கிப் போட்டுவிட்டான். கணினியில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. போனில் திறந்தால் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கிறது. பக்கவாட்டில் நான் சேர்த்து வைத்திருந்த தொடுப்புகளைக் காணவில்லை. சில வேளை எங்கே தட்டினாலும் விளம்பரம் திறக்கிறது. "வேர்ட்பிரஸுக்கு மாறுவோம்" என்கிறான் அவன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதோடு பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வேர்ட் கோப்புகள் நிறையக் கிடக்கின்றன. அவற்றையும் ஏற்ற ஆசை. இதையெல்லாம் நானே செய்யப் பழகலாமா, இல்லை யாரிடமாவது காசு கொடுத்துச் செய்விப்பதா?

வாசகி, வெள்ளவத்தை.

பதில்:



நீங்களே பழகலாம். நிரல் எழுதத் தெரியாமலே ஒரு வலைப்பூவின் தோற்றத்தை நம் விருப்பத்துக்குத் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் இன்றைக்கு எதையும் திருத்த வேண்டாம். படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பதிவுகளுக்கு இன்னொரு பிரதி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. முதலில் அதை எடுத்துவிட்டு, அதன் பிறகு மிச்சம் பார்ப்போம்.

புளொக்கரில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் எழுதிய பதிவுகள். மற்றது அவற்றைக் காட்டும் வார்ப்புரு. வார்ப்புருவைக் காப்பெடுத்தால் பதிவுகளும் வந்துவிடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வராது. வார்ப்புருவுக்கு, 'தீம்' பக்கத்தில் 'தனிப்பயனாக்கு' பொத்தானின் அருகே உள்ள சின்ன அம்பைத் தட்டினால் காப்புப் பிரதி எடுக்கும் வசதி வரும். கோளாறான வார்ப்புருவாக இருந்தாலும் அதையும் எடுத்து வையுங்கள். பதிவுகளுக்கு, கூகுள் டேக்அவுட் என்ற சேவைக்குள் போய் புளொக்கரை மட்டும் தெரிவுசெய்து கேட்டால் கோப்பாகத் தருவார்கள். அந்தப் பதிவுக் கோப்பில் படத்தின் முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. ஆகவே பதிவுகளில் படங்கள் இட்டிருந்தால் அவற்றையும் வேறாக இறக்கி வையுங்கள். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று கனடாவில் மகளிடம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தை 2009 ஒக்டோபரில் மூடியபோது, தொடக்க காலத்தில் அங்கே எழுதியவர்களின் பக்கங்கள் அதோடு போயின. 2017இல் போட்டோபக்கெட் தன் விதியை மாற்றியதும், அங்கே படம் ஏற்றி வலைப்பூவில் காட்டிக்கொண்டிருந்தவர்களின் பதிவுகளில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை வந்து நின்றது. இரண்டு ஆண்டுகள் எட்டியே பார்க்காத கூகுள் கணக்குகளை நீக்கும் விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மகள் 2009இல் தன் மின்னஞ்சலில் உங்கள் வலைப்பூவைத் திறந்திருந்தால், அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். வலைப்பூவின் அமைப்புகளில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். பக்கவாட்டில் இருந்த தொடுப்புப் பட்டியல், தேடுபெட்டி போன்ற ஒவ்வொன்றும் வார்ப்புருவுக்குள் ஒரு பெயரோடு பொருத்தப்பட்டிருக்கும். புதிய வார்ப்புருவில் அந்தப் பெயர்கள் இல்லையென்றால், பழையவற்றை வைத்திருப்பதா, நீக்குவதா என்று புளொக்கர் கேட்கும். மருமகன் அவசரத்தில் நீக்கு என்று கொடுத்திருப்பார். பழைய வார்ப்புருவின் காப்பு இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டாலும் வழி உண்டு. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் என்ற பகுதியில் உங்கள் வலைப்பூவின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். ஏதாவதொரு வருடத்தில் எடுத்த பிரதி அங்கே இருந்தால், பக்கவாட்டுப் பட்டியல் முழுவதும் அப்படியே தெரியும். தொடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்பச் சேர்க்கலாம்.

சேர்க்கும்போது எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். 2009இல் தமிழ் வலைப்பூ வைத்திருந்த எல்லோரையும்போல நீங்களும் தமிழ்மணம், தமிழிஷ், யாழ்தேவி என்று, பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டிய திரட்டிகளின் வாக்குப் பட்டைகளையும், வருகையாளரை எண்ணும் கருவியையும் பொருத்தியிருப்பீர்கள். அந்தத் திரட்டிகள்தான் நம்மை ஒருவரையொருவர் வாசிக்க வைத்தன. வெள்ளவத்தையில் எழுதியதைச் சுவிஸில் இருப்பவர் அன்று மாலையே வாசித்துப் பின்னூட்டம் இட்டது அவற்றின் உபயத்தால்தான். அந்த நன்றி என்றைக்கும் இருக்கும். ஆனால் இயங்காமல் போன தளத்தின் நிரல் துண்டு ஒன்று உங்கள் பக்கத்தில் கிடந்தால், பக்கம் திறக்கும்போதெல்லாம் உலாவி அந்தத் தளத்தைத் தேடிப் போய்ப் பதில் வராமல் காத்துக் கிடக்கும். கைவிடப்பட்ட தளமுகவரியை வேறு யாராவது வாங்கியிருந்தால் அவர்களுடைய விளம்பரம் உங்கள் பக்கத்தில் ஓடும். இன்றும் இயங்குவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

எங்கே தட்டினாலும் விளம்பரம் திறப்பதற்கு அந்த இலவச வார்ப்புருவிலேயே காரணம் இருக்கக்கூடும். இப்படிப்பட்ட வார்ப்புருக்கள் சிலவற்றின் அடியில், மனிதர் வாசிக்க முடியாதபடி உருமாற்றிய நிரல் ஒன்றை வைத்திருப்பார்கள். 'வடிவமைத்தவர் இன்னார்' என்ற வரியை அழித்தால் வாசகரை வேறு தளத்துக்குத் திருப்பிவிடும் வேலையைச் சில செய்யும், விளம்பரம் திறக்கும் வேலையைச் சில செய்யும். வார்ப்புருவின் நிரலைத் திறந்து கீழே போய்ப் பாருங்கள். அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாக ஒரே வரி நீண்டுகொண்டே போனால் அதைச் சுத்தம் செய்ய மினக்கெட வேண்டாம், அந்த வார்ப்புருவையே கழற்றிவிடுங்கள். புளொக்கர் 2017இல் தன் பங்குக்குக் கொன்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் என்று நான்கு வார்ப்புருக்களைக் கொண்டுவந்தது. நான்கும் போனுக்கு ஏற்றவை. எழுத்தை நம்பியிருக்கும் உங்கள் வலைப்பூவுக்கு நான் நோட்டபிளைச் சொல்வேன். சோஹோவும் எம்போரியோவும் படங்களை முன்னால் நிறுத்துபவை.

இப்போது கைவைக்கலாம். ஆனால் உங்கள் வலைப்பூவில் நேரடியாக வேண்டாம். அதே கணக்கில் இரண்டாவது வலைப்பூ ஒன்றைத் திறந்து, யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி, அதே வார்ப்புருவைப் போட்டு, நான்கைந்து பதிவுகளை ஒட்டிவிடுங்கள். அங்கே என்ன உடைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

அதைக் கணினியில் குரோமிலோ பயர்பொக்ஸிலோ திறந்து, தலைப்பின் மேல் சுட்டியை வைத்து வலது பக்கம் அழுத்தி 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பக்கத்தில் ஒரு சாளரம் திறந்து, அந்தத் தலைப்பின் நிறம், பருமன், இடைவெளி எல்லாவற்றையும் வரி வரியாகக் காட்டும். எந்த எண்ணையும் அங்கேயே மாற்றலாம், மாற்றிய கணமே பக்கம் மாறும். பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும். வலைப்பூ வடிவமைக்கப் பழகிய பெரும்பாலானவர்கள் இதில்தான் பழகினார்கள். பிடித்துப்போன மாற்றத்தை மட்டும் எடுத்து, 'தனிப்பயனாக்கு', 'மேம்பட்டது', 'சிஎஸ்எஸ் சேர்' என்று போனால் வரும் பெட்டியில் இடுங்கள். வார்ப்புருவின் மூல நிரலைத் தொடவே தேவையில்லை. அந்தப் பெட்டியில் சாய்கோடும் உடுக்குறியும் (/*) இட்டுத் தொடங்கி, உடுக்குறியும் சாய்கோடும் (*/) இட்டு முடித்து, இடையே தமிழிலேயே குறிப்பு எழுதி வைக்கலாம்: 'தலைப்பின் பருமனைக் குறைத்தேன், பழைய அளவு இவ்வளவு' என்று. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, போனில் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஏழெட்டு மாற்றங்களை ஒரேயடியாகச் செய்துவிட்டு எது கெடுத்தது என்று தேடுவது பெரிய அலுப்பு.

எதை மாற்றுவது? இங்கேதான் நான் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன். நமக்குக் கிடைக்கும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. நிறத்தையும் தலைப்புப் படத்தையும் மாற்ற நாள்கணக்கில் மினக்கெடுகிறோம், எழுத்து எப்படி நிற்கிறது என்று பார்ப்பதில்லை. உங்கள் தலைப்பு அறுந்ததற்கு அதுதான் காரணம். 'பொன்னம்பலவாணேஸ்வரர்' என்ற சொல்லை ஆங்கிலத் தலைப்புக்குரிய பெரிய பருமனில் தடித்த எழுத்தில் வைத்தால் போன் திரையின் ஒரு வரிக்குள் அடங்காது. ஆங்கிலத்தில் இந்த நீளத்தில் சொல் அபூர்வம், அதனால் வார்ப்புரு செய்தவர் இதை நினைத்திருக்கவே மாட்டார். போன் திரைக்குத் தலைப்பின் பருமனைக் குறையுங்கள். நீண்ட சொல் வந்தால் மடித்துக்கொள்ளும்படி 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற கட்டளையையும் சேருங்கள்.

பதிவின் உடலில் இரண்டு ஓரமும் ஒரே நேராக வெட்டினாற்போல் நிற்க வேண்டும் என்று நம்மவர்களுக்கு ஒரு விருப்பம். பத்திரிகையில் பார்த்துப் பழகியது. போனில் அதைச் செய்யவே கூடாது. ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். 'கொட்டாஞ்சேனையிலிருந்துதான்' என்று ஒரு சொல் வந்து அடுத்த வரிக்கு இறங்கினால், மேலே மிஞ்சிய இரண்டு சொற்களையும் உலாவி இழுத்து இரண்டு ஓரத்தில் ஒட்டி நடுவில் பள்ளம் விட்டுவிடும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

வரிகளுக்கு இடையிலான உயரத்தைக் கூட்டுங்கள். நம் எழுத்தில் 'கீ'யின் சுழி மேலே போகும், 'கூ'வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழ் வரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். எழுத்தின் பருமனைப்போல் 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள், தேவையென்றால் 1.8. தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் கட்டளை இருந்தால் சுழியமாக்குங்கள், அது தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக்கும். மேற்கோளைச் சாய்வெழுத்தில் காட்டும் கட்டளையும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் பெரும்பாலும் கிடையாது. உலாவி நேரான எழுத்தைப் பலவந்தமாகச் சாய்த்துக் காட்டும், வாசிக்கக் கண் வலிக்கும். மேற்கோளுக்கு இடது பக்கம் ஒரு கோடும் சற்று மாறிய நிறமும் போதும்.

எழுத்துரு? நீங்கள் வலைப்பூ தொடங்கிய காலத்தில் போன்கள் பலவற்றில் தமிழ் வெறும் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. ஒபெரா மினி உலாவியின் உள்ளமைப்புக்குள் போய் எழுத்தைப் படமாக அனுப்பச் செய்யும் வித்தையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வாசித்தோம். இன்று அன்ரொயிட்டில் நோட்டோ தமிழ் எழுத்துரு வருகிறது, விண்டோஸில் 8ஆம் பதிப்பிலிருந்து நிர்மலா யூஐ இருக்கிறது. ஆகவே வாசகரின் போனில் உள்ள எழுத்துருவையே பயன்படுத்தச் சொல்வது என் விருப்பம். காலி வீதியில் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டு டேட்டா கார்ட்டில் வாசிப்பவருக்குப் பக்கம் சட்டென்று திறக்கும். கட்டாயம் தனி அழகு வேண்டுமென்றால் கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ செரிப் தமிழ், முக்த மலர் இரண்டும் நீண்ட வாசிப்புக்கு நல்லவை. சாதாரணம், தடிப்பு என்ற இரண்டு கனங்களை மட்டும் எடுங்கள். தடித்த வடிவத்தை எடுக்காமல் விட்டால் உலாவி தானாகத் தடிப்பாக்கி எழுத்தின் கண்களை அடைத்துவிடும்.

பாமினிக் கோப்புகளுக்கு வருவோம். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. நீங்கள் 'தமிழ்' என்று அடித்தபோது கணினி சேமித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதனால்தான் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல் தெரிகிறது. யுனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றுமுன், கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றி அவற்றையும் தமிழ்க் கிறுக்கலாக்கிவிடும். வேர்டின் மேம்பட்ட தேடலில் எழுத்துருவைத் தெரிவுசெய்து தேடினால் பாமினியில் உள்ள பகுதியை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

மாற்றிய பிறகுதான் முக்கியமான வேலை. பாமினியில் யூ விசை 'ர', எச் விசை துணைக்கால். புள்ளி வைத்த 'ர்' என்ற வடிவமும் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த வடிவமும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதால் பலரும் 'ர்' அடிக்க எச் விசையையே அழுத்தினார்கள். அச்சில் பிரச்சினை இல்லை. ஒருங்குறியில் 'அவர்' என்பது 'அவா்' ஆகிவிடும். மேலோட்டமாகப் பார்க்கத் தெரியாது. ஆனால் கூகுளில் 'ஆசிரியர்' என்று தேடுபவருக்கு 'ஆசிரியா்' என்றுள்ள பக்கம் அகப்படாமல் போகலாம். கண்பார்வை குறைந்தவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அந்த இடத்தில் தடுமாறும். தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளியோ, 'ி', 'ீ' என்ற குறிகளோ ஒருபோதும் வராது. ஆகவே கோப்பு முழுவதிலும் 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ாீ' என்பதை 'ரீ' என்றும் ஒரேயடியாக மாற்றலாம், எதுவும் கெடாது. 'கௌரவம்' போன்ற சொற்களில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்துமாக அடித்திருப்பீர்கள். அதை ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள்: 'தெளிவு', 'வெள்ளவத்தை' எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். இனி எழுதுபவற்றுக்கு, பாமினி விசைப்பலகையிலேயே ஒருங்குறி தரும் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள் உண்டு. விரலுக்குப் பழகியதை மாற்ற வேண்டியதில்லை.

புதிய பதிவு ஏற்றும்போது ஒரு விடயம். தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் புளொக்கர் அந்தப் பதிவின் முகவரியைத் தானாக 'புளொக்-போஸ்ட்' என்று வைத்து, அடுத்தடுத்தவற்றுக்கு ஓர் எண் ஒட்டிவிடும். வெளியிடு என்று அழுத்துமுன், நிரந்தரத் தொடுப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் 'கொட்டாஞ்சேனை-மணி' என்பதுபோல் ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய தொடுப்பு அறுந்துவிடும்.

வேர்ட்பிரஸ் நல்ல மென்பொருள். ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். சொந்த வழங்கியில் நிறுவினால் ஆண்டுதோறும் கட்டணம், அடிக்கடி புதுப்பிப்பு, கவனிக்காமல் விட்டால் ஊடுருவல் என்று ஒரு தொடர்ந்த பொறுப்பு அது. மருமகன் நாளைக்கு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டால் யார் பார்ப்பது? தளத்துக்குச் சொந்தப் பெயர் வேண்டுமென்றால் புளொக்கரிலேயே .எல்கே முகவரியை இணைக்கலாம். 2010இலிருந்து .இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது. பழைய முகவரிக்கு வருபவர்களைப் புளொக்கர் புதியதற்குத் தானாக அனுப்பும். வருடாவருடம் புதுப்பிக்க மறந்தால் முகவரி கைமாறிவிடும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

காசு கொடுத்துச் செய்விக்க வேண்டிய அளவுக்கு இதில் எதுவும் இல்லை. மருமகனைக் கோபிக்க வேண்டாம். சோதனை வலைப்பூவைத் திறக்கவும் வேபேக் மெஷினில் தேடவும் அவரையே பக்கத்தில் உட்கார வையுங்கள், விசைப்பலகை மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு வேண்டுகோள்: கொட்டாஞ்சேனைப் பதிவுகளைத் தொகுத்து ஒரு பிடிஎஃப் கோப்பாக்கியதும் நூலகம் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு பாருங்கள். இலங்கைத் தமிழரின் எழுத்தையும் ஆவணத்தையும் 2005இலிருந்து எண்ணிமப்படுத்தி வருபவர்கள் அவர்கள். ஜம்பட்டா வீதியில் வளர்ந்த ஒருவர் தன் கையால் எழுதிய நினைவுகள் அங்கே இருக்க வேண்டியவை. வேர்ட் கோப்புகளில் பாமினி அல்லாத வேறு எழுத்துருக்களும் கலந்திருந்தால் அவற்றின் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த மாற்றி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.